வழக்கத்தைவிட அகலத் திறந்த கதவு

மாலை ஏழரை மணி. கண்டி வாவிக்கு மேலே மலைச்சரிவில் இருக்கும் என் சிறிய வீட்டின் யன்னலைச் சாத்திவிட்டு மேசையின்முன் அமர்கின்றேன். ஹந்தானை மலையை இருள் விழுங்கிவிட்டது. தலதா மாளிகையின் மாலைப் பூசைக்கு முழங்கிய மேளம் ஓய்ந்து அதிக நேரம் ஆகவில்லை. மேசைமீது விரித்து வைத்த மடிக்கணினியின் திரையிலே சிறு சிறு சதுரங்கள் ஒவ்வொன்றாக ஒளி பெறுகின்றன. ஒரு சதுரத்திலே காலை ஒன்பது மணி; ரொறன்ரோவில் ஒரு பையன் வாய் நிறையக் காலை உணவோடு எனக்கு வணக்கம் சொல்லுகின்றான். அடுத்த சதுரத்திலே பிற்பகல் மூன்று மணி; மார்கழி மாதமாதலால் ஒஸ்லோவில் அதற்குள் பொழுது சாய்ந்துகொண்டிருக்கின்றது. அங்கே ஒரு சிறுமி விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றாள். மெல்பேர்ண் மாணவர் இருவருக்குரிய சதுரங்கள் மட்டும் திறப்பதில்லை. அங்கே அப்போது நள்ளிரவு கடந்து ஒரு மணி. உறங்கும் குழந்தைகளை எழுப்பித் தமிழ் படிப்பிக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்?

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கண்டிப் பகுதிப் பாடசாலைகளிலே தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். கடல்கடந்து வாழும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இணையவழியே தமிழ் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியது 2020ஆம் ஆண்டிலே. பாடத்தைப் படம்பிடித்து அனுப்பும் காணொளி முறையை அப்போதுதான் கற்றுக்கொண்டேன். இம்முறையினால் எவ்வளவு ஆகும், எவ்வளவு ஆகாது என்பதை ஆசிரியர்களும் மாணவர்களும் அறிந்துகொள்ளுமாறு எழுத எண்ணுகின்றேன். இதிலே என் வெற்றியைவிட என் பிழைக்கே அதிக இடம் உண்டு.

மூடிய வாயில்

பேராதனைப் பல்கலைக்கழகத்தைப் பற்றி ஒரு பழைய கதை உண்டு. 1942இல் கொழும்பிலே தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம், ஐவர் ஜென்னிங்ஸ் துணைவேந்தராயிருந்த காலத்தில், 1952இல் மகாவலிக் கரையிலே பேராதனைக்குக் குடிபெயர்ந்தது. முறையான திறப்பு விழா 1954 ஏப்ரல் 20ஆம் நாள் எலிசபெத் அரசியாரின் முன்னிலையிலே நடைபெற்றது. ஆனால், மாணவர்களோ அதற்கு முன்னரே வந்து பயின்றுகொண்டிருந்தார்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் ஒன்றை எவ்வாறு திறந்து வைப்பது? விழாவுக்கு வந்திருந்த எடின்பரோக் கோமகன், இப்பல்கலைக்கழகம் வழக்கத்தைவிட அதிகமாகத் திறந்திருப்பதாக அறிவித்தார்! அந்த நகைச்சுவை இன்றும் பேராதனையிலே வழங்குகின்றது.

2020 மார்ச்சு 13ஆம் நாள் நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டன. ஒரு வாரத்துக்குப் பின்னர், 20ஆம் நாள் மாலையில், நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் வந்தது. பேராதனையும் மூடிற்று. ஆனால், அவ்வாறு மூடப்பட்ட காலத்திலேதான் அது வேறொரு வகையிலே திறந்துகொண்டது. ‘லேர்ன்’ எனப்படும் இலங்கைக் கல்வி ஆய்வு வலையமைப்பு, பல்கலைக்கழகங்கள் சூம் வழியாக வகுப்பு நடத்த வழிசெய்தது. பல்கலைக்கழகத் தளங்களுக்குச் செல்லும் மாணவரிடம் இணையக் கட்டணம் அறவிடாமலிருக்கத் தொலைபேசி நிறுவனங்களும் இணங்கின. விரிவுரை மண்டபத்தின் கடைசி வாங்கிலே இருந்து செவியைத் தீட்டிக்கொண்டு கேட்டவர்கள், இப்போது விரிவுரையாளரின் முகத்துக்கு நேரே அமர்ந்து கேட்டார்கள்.

அந்த நாட்களிலேதான் நோர்வேயிலுள்ள ஒரு வாரவிறுதித் தமிழ்ப் பாடசாலை என்னைத் தேடி வந்தது. அவர்களுடைய வகுப்பறையும் பூட்டப்பட்டிருந்தது. ஒஸ்லோவுக்குத் தொடங்கிய வகுப்பிலே, உறவினர் சொல்லக் கேட்டு, ரொறன்ரோவும் மெல்பேர்ணும் பின்னர் வந்து சேர்ந்தன.

என் வேலை புதியதன்று. தமிழை உலகுக்குக் கொண்டுசெல்லவேண்டும் என்று ஊணுறக்கம் மறந்து உழைத்த தனிநாயகம் அடிகள், 1952 முதல் 1961 வரை இதே பேராதனையிலே கல்வித்துறை விரிவுரையாளராக இருந்தவர். ‘தமிழ் கல்ச்சர்’ என்னும் ஆங்கிலக் காலாண்டிதழை நடத்தியவர். அவர் கப்பலிலும் விமானத்திலும் நாடு நாடாகச் சென்றார். இணையம் வந்தபின் இந்தப் பணி இன்னொரு வடிவம் பெற்றது. 1999இல் சென்னையிலே நடைபெற்ற தமிழிணைய மாநாட்டில் அறிவிக்கப்பட்டு, 2001 பெப்ரவரியிலே தொடங்கப்பெற்ற தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரோடு உலகெங்குமுள்ள பிள்ளைகளுக்கு எழுத்தும் ஒலியும் படமுமாகப் பாடங்களை வழங்கி வருகின்றது. அந்தப் பெருவழியிலே நான் நடந்தது ஒரு சிறு காலடி.

நாற்பது நிமிடமும் ஆறு நிமிடமும்

மெல்பேர்ண் பிள்ளைகளுக்காகவே முதலில் பாடத்தைப் பதிவு செய்யத் தொடங்கினேன். ஒரே நேரத்தில் மூன்று கண்டங்களையும் விழித்திருக்கச் செய்ய முடியாதல்லவா? என் தமையனாரின் பேரன் கைத்தொலைபேசியைப் புத்தக அடுக்கின்மீது சாய்த்து வைத்து, “கதையுங்கோ, பாட்டி!” என்றான். நானும் பாடசாலையிலே ஒரு பாடவேளை எப்படியோ அப்படியே நாற்பது நிமிடம் பேசினேன். உயிரெழுத்து, மெய்யெழுத்து, குறில், நெடில் ஆகிய அனைத்தையும் ஒரே மூச்சிலே முடித்துவிட்டதில் எனக்குப் பெருமை வேறு.

அடுத்த வாரம், “பாடம் விளங்கிற்றா?” என்று கேட்டேன். எல்லாரும் தலையசைத்தார்கள். ரொறன்ரோப் பையன் மட்டும் உண்மை சொன்னான்: “ஒன்பது நிமிஷத்தில நித்திரை வந்திட்டுது, டீச்சர்.”

அன்றிரவே இதைப்பற்றிப் படிக்கத் தொடங்கினேன். பிலிப் குவோ முதலிய அமெரிக்க ஆய்வாளர் சிலர், இணையவகுப்பு மாணவர்கள் காணொளி பார்த்த 69 இலட்சம் தடவைகளை ஆராய்ந்து 2014இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஆறு நிமிடத்துக்குட்பட்ட பாடங்களையே மாணவர் ஈடுபாட்டோடு பார்க்கின்றனராம். நீளம் கூடக்கூட ஈடுபாடு குறைந்துவிடுகின்றதாம். அவர்கள் கண்ட மற்றொரு செய்தி எனக்கு மேலும் ஆறுதல் தந்தது. பெரும் பொருட்செலவிலே ஒளிப்பதிவுக் கூடத்திலே எடுக்கப்பட்ட பாடத்தைவிட, ஆசிரியர் தம் மேசையருகே அமர்ந்து இயல்பாகப் பேசும் பாடம் மாணவரை அதிகம் கவரக்கூடுமாம். என் மேசைக்கும் புத்தக அடுக்குக்கும் அன்று ஒரு மதிப்பு உண்டாயிற்று.

அதன்பின் ஒரு பாடத்துக்கு ஒரே பொருள் என்று வைத்துக்கொண்டேன். ‘ண’கரத்துக்கு ஒரு பாடம். ‘ழ’கரத்துக்கு ஒரு பாடம். கடைக்குப் போய்ப் பழம் கேட்பதற்கு ஒரு பாடம். ஐந்து நிமிடம், மிஞ்சினால் ஆறு. பின்னணியிலே தகரக்கூரைமேல் மழை கொட்டும். சில நாட்களில் மாளிகை மேளம் கேட்கும். முதலில் அவற்றுக்கு அஞ்சிப் பதிவை நிறுத்தினேன். பின்னர் பிள்ளைகளே, “டீச்சர், அது என்ன சத்தம்?” என்று கேட்கத் தொடங்கினார்கள். மேளமும் மழையும் பாடத்துக்குள் வந்துவிட்டன.

ஆனால், நீளத்தைக் குறைத்ததைவிடப் பெரிய பாடத்தை நான் கற்றது வேறொருவர் கதையிலே. அமெரிக்காவில் சல்மான் கான் என்ற இளைஞர், 2004இல் தொலைவிலிருந்த தம் உறவுச் சிறுமிக்குத் தொலைபேசி வழியாகக் கணிதம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். பின்னர் 2006இலே பாடங்களைப் படம்பிடித்து யூடியூப் தளத்திலே இட்டார். அந்தப் பதிவுகளே ‘கான் அக்கடமி’ என்று உலகறிந்த நிறுவனமாக வளர்ந்தன. அவருடைய உறவுப் பிள்ளைகள் அவரிடம் ஒரு விந்தையான செய்தியைச் சொன்னார்களாம்: நேரிலே இருக்கும் அண்ணனைவிடத் திரையிலே இருக்கும் அண்ணனையே தங்களுக்குப் பிடித்திருக்கின்றது! காரணம் எளிது. திரையிலே அவரை நிறுத்தலாம். திரும்பச் சொல்லச் செய்யலாம். இரண்டு ஆண்டுக்கு முன் படித்து மறந்ததை வெட்கமின்றி மறுபடியும் கேட்கலாம்.

இதைப் படித்ததும் நான் சிறிது நேரம் அசைவற்றிருந்தேன். முப்பது ஆண்டுகளாக வகுப்பறையிலே வெண்கட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, “விளங்கிச்சா?” என்று கேட்டு வந்தவள் நான். “ஓம், டீச்சர்” என்று நாற்பது குரல்கள் ஒருமித்துச் சொல்லும். அந்த நாற்பதிலே எத்தனை குரல்கள் வெட்கத்தினாலே சொன்னவை? விளங்காதவன் எழுந்து நின்று, “இன்னொருமுறை சொல்லுங்கள்” என்று கேட்க என் வகுப்பிலே இடம் இருந்ததா? காணொளி தரும் மிகப் பெரிய உதவி இதுதான் என்பதை அன்று கண்டேன். தூரத்தைக் கடப்பதுகூட அதற்கு அடுத்தபடியே. மாணவன் தன் அறியாமையோடு தனியே இருந்து, ஒருவர் கண்ணிலும் படாமல், ஆசிரியரைத் திரும்பத் திரும்பப் பேசவைக்க முடிகின்றது.

பாணும் குழந்தையும்

ஒலியைப் படிப்பிப்பதற்குக் காணொளியைப்போல உதவுவது வேறில்லை. புத்தகத்திலே ‘நா மேலண்ணத்தைத் தொடும்’ என்று படித்தால் பிள்ளைக்கு என்ன விளங்கும்? நான் கைத்தொலைபேசியை முகத்துக்கு மிக அருகே வைத்து, வாயைத் திறந்து, நாக்கு வளைவதைக் காட்டினேன். இந்த வயதிலே வாயைப் பிளந்துகொண்டு படம்பிடித்தவள் கண்டியிலே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பிள்ளைகள் அனைவரும் ஒரே இடத்திலே இடறுவார்கள் என்று எண்ணியிருந்தேன். அதுவும் பிழை. ஒஸ்லோச் சிறுமிக்கு ‘ண’கரமும் ‘ள’கரமும் முதல் நாளே வந்துவிட்டன. எப்படி என்று வியந்தேன். அவள் சொன்னாள்: “டீச்சர், எங்கட பள்ளிக்கூடத்தில குழந்தையைப் ‘பாண்’ எண்டுதான் சொல்லுறது!” ஒஸ்லோப் பக்கத்து நோர்வே மொழியிலே ரகரமும் னகரமும் அடுத்தடுத்து வந்தால் இரண்டும் சேர்ந்து நம் ணகரமாகி விடுகின்றன. ஆகவே குழந்தையைக் குறிக்கும் அவர்களுடைய சொல் ஏறத்தாழ நம் ஊர்ப் பேக்கரியிலே வாங்கும் பாணாகவே ஒலிக்கின்றது. அன்று வகுப்பு முழுவதும் சிரிப்பு. ரொறன்ரோப் பையனுக்கோ ணகரம் வராது; ஆனால், பெரியவர்களே தடுமாறும் ‘ழ’கரம் தடையின்றி வந்தது. வட அமெரிக்க ஆங்கிலத்தின் ரகரம், நாவை மடித்துச் சொல்லும்போது, நம் ழகரத்துக்கு மிக நெருங்கியது. ஒவ்வொரு பிள்ளையும் தான் வளரும் நாட்டு மொழியிலேயே தமிழின் ஓர் ஒலியை ஒளித்து வைத்திருக்கின்றது. அதைத் தேடியெடுத்துக் கொடுப்பதுதான் ஆசிரியர் வேலை.

இன்னொரு சிக்கல் சொற்களிலே வந்தது. தமிழகத்துப் பாடங்களிலே ‘பேசு’ என்று படித்த பிள்ளை, வீட்டிலே ‘கதை’ என்று கேட்கின்றது. தன் ஊரின் பெயரை ஒரு பாடத்தில் ‘டொரண்டோ’ என்றும், தன் தந்தையின் கடிதத்தில் ‘ரொறன்ரோ’ என்றும் கண்ட பையன், எது சரி என்று என்னைக் கேட்டான். இரண்டும் சரிதான், ஆங்கிலத்தின் நுனிநா ஒலியைத் தமிழகத்தார் டகரத்தாலும், யாழ்ப்பாணத்தார் றகர ரகரங்களாலும் எழுதுவர் என்று விளக்கினேன். எனக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணம் அப்போது என்னிடம் சிறிது தலைதூக்கியிருக்க வேண்டும். அதற்குரிய தண்டனை விரைவிலே வந்தது.

செய்தி வாசித்த பேத்தி

ஒஸ்லோச் சிறுமி தமிழ் கற்க வந்ததற்கு ஒரே ஒரு காரணம் இருந்தது. அவளுடைய அம்மம்மா இங்கே கண்டியில், கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்கு அணித்தாய் வாழ்கின்றார். யாழ்ப்பாணத்திலே பிறந்து, மணமுடித்து, ஐம்பது ஆண்டுகளாகக் கண்டியிலே இருப்பவர். நோர்வே மொழி அறியார், ஆங்கிலமும் சொற்பம். பேத்திக்கோ தமிழ் காதிலே விழும், நாவிலே வராது. ஞாயிறுதோறும் தொலைபேசியிலே இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்களாம். அவ்வளவுதான். “அம்மம்மாவோட கதைக்க வேணும்” என்று அந்தப் பிள்ளை முதல் வகுப்பிலேயே சொன்னாள்.

அவளை மனத்திற்கொண்டு, ‘நலம் விசாரித்தல்’ என்று ஒரு பாடம் பதிவு செய்தேன். “அன்புள்ள அம்மம்மா, தாங்கள் நலமாக இருக்கின்றீர்களா?” என்று அழகாக, நிறுத்தி, ஒவ்வோர் எழுத்தும் துலங்கச் சொல்லிக் கொடுத்தேன். இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. பரீட்சையிலே முழுப்புள்ளி பெறக்கூடிய வாக்கியம்.

அதன்பிறகு அச்சிறுமியின் சதுரம் இருண்டுபோயிற்று. வகுப்புக்கு வருவாள், முகம் காட்டமாட்டாள், கேள்வி கேட்டால் விடை வராது. ஐந்து வாரம் இவ்வாறு கழிந்தது. நானோ வேறொன்றைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு காணொளியின் கீழும் அது எத்தனை தடவை பார்க்கப்பட்டது என்ற கணக்கு இருக்கும். ‘நலம் விசாரித்தல்’ பாடம் மட்டும் மற்றப் பாடங்களைவிடப் பன்மடங்கு பார்க்கப்பட்டிருந்தது. என் பாடங்களிலே இதுவே மிகச் சிறந்தது போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

ஒருநாள் வகுப்பு முடிந்து மற்றப் பிள்ளைகள் போனபின்பும் அவளுடைய சதுரம் மட்டும் மறையாமல் இருந்தது. இருட்டுக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது.

“டீச்சர், நான் எதில பிழை விட்டனான்?”

மெதுவாகக் கேட்டறிந்தேன். அவள் அந்த வாக்கியத்தை ஒரு வாரம் மனப்பாடம் செய்து, ஞாயிற்றுக்கிழமை அம்மம்மாவிடம் சொல்லியிருக்கின்றாள். அம்மம்மா விழுந்து விழுந்து சிரித்திருக்கின்றார். “என்ன பிள்ளை, றேடியோவில செய்தி வாசிக்கிற மாதிரிக் கதைக்கிறாய்!” என்றாராம். அது அன்பினாலும் மகிழ்ச்சியினாலும் எழுந்த சிரிப்பு. ஆனால், ஒரு வாரம் பாடுபட்ட குழந்தைக்கு அது எப்படித் தெரியும்? தான் எங்கேயோ பிழை விட்டதாக எண்ணி, அந்தப் பிழையைத் தேடி, என் காணொளியைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கின்றாள். எத்தனை தடவை பார்த்தும் அவளுக்குப் பிழை அகப்படவில்லை. எப்படி அகப்படும்? பிழை அவளுடையதன்று, என்னுடையது. ஒரு பேத்தி பாட்டியோடு பேசுவதற்குரிய தமிழை விட்டுவிட்டு, விடைத்தாளிலே எழுதுவதற்குரிய தமிழைக் கொடுத்துவிட்டேன்.

பார்வைக் கணக்கு ஏறியதைக் கண்டு நான் பெருமைப்பட்ட ஐந்து வாரமும் அங்கே ஒரு குழந்தை தனியே கலங்கிக்கொண்டிருந்தாள். திரும்பக் கேட்பதற்கு வெட்கப்படத் தேவையில்லை என்று நான் மெச்சிய அதே தனிமை, இங்கே எதிராக நின்றுவிட்டது. வகுப்பறையிலே இருந்திருந்தால் அவள் முகம் சோர்ந்ததை முதல் நாளே நான் கண்டிருப்பேன். காணொளி எத்தனை தடவையானாலும் சலிக்காமல் சொல்லும். தன்னைப் பார்ப்பவரின் முகத்தை ஒருதடவைகூடப் பார்க்காது.

இவ்வுண்மையைப் பெரியவர்கள் எப்போதோ கண்டிருக்கின்றார்கள். பிரித்தானியாவின் திறந்த பல்கலைக்கழகம் 1971 ஜனவரியிலே பி.பி.சி. வழியாகத் தொலைக்காட்சிப் பாடங்களைத் தொடங்கியபோது, பாடத்தை ஒளிபரப்பியதோடு நின்றுவிடவில்லை. அச்சிட்ட பாடநூல்களை அஞ்சலிலே அனுப்பியது; ஒவ்வொரு மாணவருக்கும் எழுதியதைத் திருத்தி ஆலோசனை கூறும் ஆசிரியரை அமர்த்தியது; கோடையிலே நேரிலே கூடும் வகுப்புகளை நடத்தியது. 1980இல் தோன்றிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகமும் தொலைக்கல்விக்கென்றே பிறந்ததாயினும், மாணவர் நேரில் வந்து சேர நாட்டின் பல பகுதிகளில் நிலையங்களை வைத்திருக்கின்றது. கண்டியார்க்குரியது பொல்கொல்லையிலே உள்ளது. திரை எவ்வளவு நன்றாயிருந்தாலும் மறுபுறத்திலே கேட்கும் ஒரு காது வேண்டும் என்பதை அறிந்தே இந்த ஏற்பாடுகளைச் செய்தார்கள்.

அம்மம்மாவின் பாடம்

மறுநாள் நான் மணிக்கூட்டுக் கோபுரத்தைக் கடந்து கட்டுக்கலைக்கு நடந்தேன். நடந்ததை அம்மையாருக்குச் சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டார். “ஐயோ டீச்சர், நான் சந்தோசத்திலதான் சிரிச்சனான்” என்று பலமுறை சொன்னார். அவரிடம் ஓர் உதவி கேட்டேன். அவருடைய சம்மதத்தோடு, அடுக்களையிலே இடியப்பம் பிழிந்துகொண்டிருந்த அவரை அப்படியே படம்பிடித்தேன். பேத்தி வாசலிலே வந்து நிற்பதாக எண்ணிக்கொண்டு பேசச் சொன்னேன்.

“வா பிள்ளை, இரு. சாப்பிட்டனியோ? ஏன் இப்பிடி மெலிஞ்சு போனாய்?”

நான்கு நிமிடப் பதிவு. நான் எடுத்தவற்றுள் சிறந்த பாடம் அதுதான். கண்டியிலே வளர்ந்த எனக்கு ‘சாப்பிட்டனியோ’ என்று வாயில் வராது. ‘சாப்பிட்டியா’ என்பதே வரும். அந்தப் பிள்ளைக்கு வேண்டிய தமிழை இந்த ஊரிலே ஒருவர்தான் சொல்லிக்கொடுக்க முடியும். அவர் அடுக்களையிலே இருந்தார். அதை விட்டுவிட்டு நான் நூலகத்திலே தேடிக்கொண்டிருந்தேன். அம்மம்மாவுக்கு மறுமொழியாக, “எப்பிடி இருக்கிறியள், அம்மம்மா?” என்று கேட்பதற்குத் தனியே ஒரு பாடம் செய்தோம். அதையும் அவரே சொல்லிக்கொடுத்தார்.

எழுத்துத் தமிழைக் கைவிட்டேன் என்று எவரும் எண்ணவேண்டாம். கடிதமும் கதையும் அதிலேதான் படிப்பிக்கின்றேன். ஆனால், முதலில் வாசலிலே நின்று பேசத் தெரியவேண்டும்; அதன்பிறகே நூலகத்துக்குப் போகலாம்.

அன்று முதல் வகுப்பின் முறையை மாற்றினேன். சொல்லவேண்டியதைக் காணொளியிலே சொல்லிவிடுவேன். நேரடி வகுப்பிலே நான் அதிகம் பேசுவதில்லை. பிள்ளைகள் பேச நான் கேட்பேன். மெல்பேர்ண் பிள்ளைகள் தங்கள் குரலைப் பதிவு செய்து அனுப்புவார்கள். ஒவ்வொன்றையும் கேட்டு, ஒவ்வொருவர்க்கும் பெயர் சொல்லி விடை அனுப்புவேன். காணொளி என் வேலையைக் குறைக்கவில்லை. கேட்பதற்கு எனக்கு நேரம் தந்தது.

மலைக்கு இப்பால்

ஒன்றைச் சொல்லாமல் முடித்தால் இக்கட்டுரை குறைபாடுடையதாகும். 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியிலே நாட்டிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு இருந்தது. மின்சாரம் வரும் வேளை பார்த்து, விடியற்காலை எழுந்து பாடங்களை ஒஸ்லோவுக்கு அனுப்பினேன். அவை சென்று சேர்ந்தன. ஆனால், இதே மலைகளிலே, கலஹாவுக்கும் ஹேவாஹெட்டைக்கும் இடைப்பட்ட தோட்டங்களிலே, லயத்து அறைகளிலே வாழும் பிள்ளைகளுக்கு அவை சேரவில்லை. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் முதன்முதல் வாணிகத்துக்காகத் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரை அந்தப் பகுதியிலேதான் இருக்கின்றது. அங்கிருந்து தேயிலை உலகெங்கும் சென்றது. ஒரு வீட்டில் ஒரே கைத்தொலைபேசி. அதுவும் தந்தையோடு வேலைக்குப் போய்விடும். இருந்தாலும் அலை எட்டாது; அலையைத் தேடிப் பிள்ளைகள் மேட்டுக்கு ஏறவேண்டும்.

என் பழைய மாணவி ஒருத்தி அங்கே ஆசிரியையாக இருக்கின்றாள். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கென்று செய்த ஒலிப்பாடங்களைச் சிறு நினைவட்டைகளிலே பதிந்து அவளிடம் கொடுத்தேன். அவள் அவற்றை வகுப்பிலே போட்டுக் காட்டுகின்றாள். ஆறு நிமிடப் பாடங்களாயிருந்தது அங்கேயும் உதவிற்று. சிறியதாதலால் சிறிய கருவியிலும் இயங்கும். ஐயாயிரம் மைலுக்கு அப்பால் எட்டுவது இருபது மைலுக்குள் எட்டாத நிலையை ஒரு நினைவட்டை தீர்த்துவிடாது என்பதை அறிவேன். வழக்கத்தைவிட அகலத் திறந்திருக்கும் கதவு யாருக்குத் திறந்திருக்கின்றது என்று கேட்பதும் ஆசிரியரின் கடமையே.

இன்னொருக்கா

2024ஆம் ஆண்டு ஆடி மாதம், நோர்வேயின் கோடை விடுமுறையிலே, அச்சிறுமி தாயோடு கண்டிக்கு வந்தாள். என்னையும் அழைத்தார்கள். சதுரத்துக்குள்ளே பார்த்த பிள்ளை, என் தோளுக்குமேல் வளர்ந்திருந்தாள்.

அம்மம்மா அவளைப் பக்கத்திலே இருத்தி, தாம் சிறுமியாயிருந்தபோது பனங்கிழங்கு தோண்டிய கதையைச் சொல்லத் தொடங்கினார். ஆர்வத்திலே பேச்சு வேகமெடுத்தது. பல் போன வாயிலே சொற்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தன. எனக்கே பாதி விளங்கவில்லை. பேத்தியின் முகத்தைப் பார்த்தேன். ஒரு கணம் பழைய இருள் அதிலே படர்வதைக் கண்டு என் நெஞ்சு துணுக்குற்றது. இங்கே நிறுத்துவதற்குப் பொத்தான் இல்லை. பின்னோக்கி ஓட்டவும் முடியாது.

அவள் பாட்டியின் முழங்காலிலே கையை வைத்தாள்.

“அம்மம்மா, விளங்கேல்லை. இன்னொருக்காச் சொல்லுங்கோ.”

என் வகுப்பறையிலே முப்பது ஆண்டுகளாக எழாத குரல் அது. அம்மம்மா சிரித்தார். இம்முறை பேத்தியும் சேர்ந்து சிரித்தாள். பின்பு அவர் மெதுவாக, முதலிலிருந்து, கதையைத் திரும்பச் சொல்லத் தொடங்கினார்.